ஆமைச் சிலைக்கு ஒரு கையெழுத்து

கல்குடாக் கடற்கரை நெடுக வர்ண ஆமைச் சிலைகள் வைக்கப்போவதாகச் சொல்லி இன்று காலை ஒருவர் வந்தார். கடலாமைகள் அழிந்துவருவதை மக்கள் அறிய வேண்டுமாம்.

அங்கே என் கணவர் கட்டிய வீட்டைச் சுனாமி கொண்டுபோய்விட்டது. மிஞ்சிய வெறுங்காணியில் ஓர் ஆமை வைக்க என் கையெழுத்து வேண்டுமாம்.

நல்ல காரியம்தான். ஆனால் நாட்டில் சண்டை முடிந்த நாளிலிருந்து அந்தக் காணியைத் தேடி வருகிற எல்லோரும் நல்ல காரியத்துக்குத்தான் வருகிறார்கள்.

படிவத்தை இரண்டு தரம் வாசித்தேன். சிலை வைக்கும் நாள் இருந்தது. எடுக்கும் நாள் இல்லை.

"ஆமைதானே அம்மா, அதுக்கு ஏன் பயப்படுறீங்க?" என்று சிரித்தார்.

"ஆமை முட்டை போட்டிட்டுக் கடலுக்குப் போயிரும் தம்பி. உங்கட சிலை எப்ப போகும்?"

"அது மேலிடத்தில கேட்டுத்தான் சொல்லணும்."

எடுக்கும் நாளை நானே பேனையால் எழுதி, "இதுக்குக் கீழ முதல்ல நீங்க கையெழுத்து வைங்க, பிறகு நான் வைக்கிறன்" என்றேன்.

படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஊற்றிக் கொடுத்த தேநீரையும் குடிக்காமல் போய்விட்டார்.

கல்குடாவில் காணி உள்ளவர்களே, உங்களிடமும் ஆமை வந்ததா? படிவத்தை வாசித்தீர்களா, வர்ணத்தை மட்டும் பார்த்தீர்களா?