கேட்காமலே நோவறிந்தவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை புளியங்கூடலிலிருந்து தவமணியின் தங்கை தொலைபேசியில் அழைத்தார். "டொக்டர், அக்கா விடியப்புறம் மோசம் போட்டா." நான் கேட்ட முதற் கேள்வி, "முகம் எப்பிடி இருந்தது?" என்பதுதான். "நித்திரை மாதிரி. நெத்தியிலை ஒரு சுருக்குமில்லை" என்றார். அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். சாவுச் செய்தி கேட்டு ஆறுதலடைகிறாரே என்று யாரும் என்னைத் தவறாக எண்ண வேண்டாம். காரணம் இருக்கிறது.

யாழ்ப்பாணத் தீவகத்தில் நான் மிருக வைத்தியராக இருந்த காலம் முழுவதும் தவமணி அவர்கள் எங்கள் கால்நடை உத்தியோகத்தராக இருந்தார்கள். நான் பட்டிக்குள் போன கையோடு ஊசியை எடுப்பேன். அவர்களோ வேலிக்கு வெளியே நின்று மாட்டைப் பார்ப்பார்கள். காது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்ணுக்கு மேலே இறுக்கமா, அசைபோடுகிறதா என்றெல்லாம் கொப்பியில் குறிப்பார்கள். மிருகத்தின் வேதனையை ஆராய்ச்சியாளர்கள் அளப்பதும் இப்படித்தான். நானும் படித்ததுதான், செய்யத்தான் பொறுமையில்லை. "சாத்திரம் பாக்கிறீரோ?" என்று பகிடி பண்ணுவேன். "ஓம் டொக்டர், காதையும் கண்ணையும் முடிச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்பார்கள்.

கரம்பொனில் ஒரு பசு. "பால் குறைஞ்சிட்டுது. ஆனா இப்ப நல்ல சாது, உதைக்கிறதேயில்லை" என்றார் சொந்தக்காரர். சத்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு நான் மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டேன். தவமணி அசையவில்லை. "சாது இல்லை டொக்டர். ஏலாமல் பேசாமல் நிக்குது. காதைப் பாருங்கோ." இறங்கிப் போய்ப் பின்னங்காலைத் தூக்கினேன். குளம்புக்குள் சீழ். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சில நாளில் சொந்தக்காரர் முறைப்பாட்டோடு வந்தார்: பசு பால்வாளியை உதைத்துக் கொட்டிவிட்டதாம். தவமணி கைகொட்டிச் சிரித்தார்கள்.

இந்த வருடம் புற்றுநோய் முற்றி, யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பார்க்கப் போனேன். "நல்ல பொறுமைசாலி, ஒரு கரைச்சலுமில்லை" என்றார் தாதி. தவமணியும் "சுகமா இருக்கிறன்" என்றார்கள். கொண்டுபோன பழத்தை மேசையில் வைத்துவிட்டுப் புறப்பட்டவன், வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். நான் போய்விட்டேன் என்று நினைத்துவிட்டார்கள் போலும். புருவம் இறுகியிருந்தது. மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. விரிப்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

வார்ட்டு வைத்தியரிடம் போனேன். "கேட்டனாங்கள் ஐயா. நோவு இல்லையெண்டு சொன்னவ."

"தம்பி, நான் மாட்டு டொக்டர். என்ரை நோயாளியள் ஒருநாளும் வாயாலை சொன்னதில்லை. வந்து பாரும்."

நல்ல பிள்ளை; கோபிக்காமல் வந்து பார்த்தார். அன்றே மருந்தைக் கூட்டினார்.

மறுநாள் போனபோது நானும் சும்மா விடவில்லை. "ஏன் நீர் வாய் திறக்கேல்லை?" என்று கண்டித்தேன்.

"எல்லாரும் அவசரமாக் கேட்டினம் டொக்டர். இல்லையெண்டு சொல்லுறது லேசாயிருந்தது."

சொல்லும்போதே கண் சொருகியது. வாய் சற்றே திறந்தபடி, குறட்டைவிட்டு உறங்கிப்போனார்கள். பக்கத்துக் கட்டில்காரி முகஞ்சுளித்தார். நான் கதிரையை இழுத்துப் போட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்களை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் கடைசிவரை அந்த மருந்து தொடர்ந்தது.

போய் வாரும், தவமணி. அன்றைக்கு நான் வாசலோடு போயிருந்தால், இன்றைக்கு உமக்கு அஞ்சலி எழுத எனக்கு முகம் இருந்திராது.