"ஒன்னும் இல்லைங்க ஐயா"

கார்மெனுக்குக் கோபம் வந்தால் ஈப்போ நகரமே தாங்காது. கூட வேலை பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியாதா? நகரத்துப் பிள்ளைகளின் படிப்பில் இருக்கும் ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து அரசாங்கத்துக்கு யோசனை சொல்வது எங்கள் மையத்தின் வேலை. தலை நரைத்தும் அவள் வாய் மட்டும் குறையவில்லை.

அவள் பிறந்தது ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். தோட்டத்தை விற்றதும் குடும்பம் ஈப்போவின் சிலிபின் பகுதிக்கு வந்தது. அவளோடு வளர்ந்த பலர் நகரத்து ஓரத்து அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள்.

இந்த வருஷம் அந்த அடுக்குமாடிப் பிள்ளைகளின் இலவசப் பள்ளி பஸ்ஸை அரசாங்கம் சோதனையாக நிறுத்திப் பார்த்தது. பெற்றோருக்குச் சிரமமா என்று கேட்டுச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். வீடு வீடாகக் கேட்டுவந்த எங்கள் ஆட்கள், யாருக்கும் பிரச்சினை இல்லை என்றார்கள். அப்பாடா, வேலை முடிந்தது என்று நினைத்தேன். கார்மென் மேசையைத் தட்டினாள்.

"கழுத்துல ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுப் போய்ப் பிரச்சினை இருக்கான்னு கேட்டா, இல்லைன்னுதான் சொல்வாங்க! தோட்டத்து ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி கேட்டா எங்கம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. இருக்குன்னு சொன்னா மறுநாள் வேலை இருக்காதுலா!"

எங்கள் தலைவர் சிவானந்தன் நல்ல மனிதர்தான், ஆனால் மேலிடம் என்றால் நடுக்கம்.

"உங்கட அம்மாவை வச்சு ஆராய்ச்சி செய்யேலாது, கார்மென். அறிக்கையில கையெழுத்தைப் போடுங்கோ."

"போட மாட்டேன் சார். வேணும்னா வேலையை எடுத்துக்குங்க. முதல்ல ஒரு வீட்டுக்கு வாங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

அன்று சாயங்காலம் அடுக்குமாடி வீடொன்றில், தொழிற்சாலையில் வேலை செய்யும், கார்மெனுக்குப் பழக்கமான ராக்காயி கதவைத் திறந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பஸ் நின்றதில் ஏதாவது பிரச்சினையா என்று சிவானந்தன் கேட்டார்.

"ஒன்னும் இல்லைங்க ஐயா. எல்லாம் நல்லா இருக்கு."

போச்சுடா! சிவானந்தன் கார்மெனை ஒரு பார்வை பார்த்தார். அவளோ அசராமல் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நேத்து ஷர்மினி எப்படி ஸ்கூலுக்குப் போனா?"

"மகளா? எங்க போனா! பஸ் நின்னதுலருந்து வீட்லதான் இருக்கா. நான் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிடுறேன். பெரிய ரோட்டைத் தனியா தாண்ட விடுறதுக்கு பயமா இருக்கு."

சிவானந்தன் முகம் கறுத்தது. தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

"அதுக்காகப் பிள்ளையை வீட்டில வச்சிருக்கிறதா? படிப்பில அக்கறை இல்லையா உங்களுக்கு?"

குனிந்திருந்த ராக்காயியின் தலை நிமிர்ந்தது.

"அக்கறை இல்லையா? யாருக்குங்க? பஸ்ஸை நிறுத்துனது நானா? இல்லைன்னு சொன்னேன்ல, அதை அடிச்சிருங்க. இருக்குன்னு எழுதுங்க. பஸ் வேணும்னு எழுதுங்க. சொன்னது ராக்காயின்னு பேரையும் போடுங்க. யாரு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்!"

அவள் சொன்னதை அறிக்கையில் நான்தான் எழுதினேன். கார்மென் எழுந்து வந்து என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள்.

"இப்போ குடு, கையெழுத்து போடுறேன்."