ஓர்சந்தோனும் அவன் இளவரசச் சொந்தமும்

1870 செப்டம்பர் மூன்றாம் தேதி, சனிக்கிழமை காலை, ஓர்சந்தோன் அஜாக்சியோ துறைமுகத்தில் மார்செய் கப்பல் ஏறினான். உடம்பில் கல்யாணக் கோட்டு, கையில் ஒரு தகரக் குழாய். பிரெஞ்சுப் பேரரசரின் சித்தப்பா மகனான இளவரசர் தனக்கு ஒன்பது தலைமுறைப் பங்காளி என்று சொல்லும் வம்சாவளி அதற்குள் இருந்தது. பாரிசில் அவரிடம் அதைக் காட்டினால் புகையிலைக் கடை உரிமம் கிடைக்குமாம். பேரரசர் குடும்பத்தின் பூர்வீகத் தீவான கோர்சிகாவில் அப்போது பாதிப் பேர் அவருக்குச் சொந்தம். மீதிப் பேர் ஆதாரம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"போனதும் ஆள் அனுப்பறேன், மத்தேயா."

"உன்னப் பாத்ததும் இளவரசர் கட்டிப்பிடிச்சு அழுவாரு. கைக்குட்ட எடுத்துக்கிட்டியா?" என்றாள் மனைவி.

நாற்பத்தேழு வயதுவரை அவன் பார்த்த ஒரே வேலை அந்தச் சொந்தம்தான். இளவரசர் குதிரையிலிருந்து விழுந்ததாகப் பத்திரிகையில் வந்தால் இவன் ஒரு வாரம் நொண்டுவான். இளவரசரும் லேசுப்பட்டவரல்ல. பேரரசரின் சித்தப்பாவுக்கு மகனாகப் பிறந்ததைத் தவிர அவரும் எதையும் செய்ததில்லை.

வம்சாவளியை எழுதியவன் பத்திர குமாஸ்தா குலியெல்மு. கூலியாக எட்டுக் கஷ்கொட்டை மரங்களைக் கேட்டான். அந்த மலையில் நிலம் ஊருக்கு, மரம் ஆளுக்கு. மத்தேயா வீட்டுக்கு இருந்ததே பதின்மூன்று மரங்கள். அவற்றின் காயை அரைத்த மாவுதான் குளிர்காலச் சோறு. புருஷன் தலையாட்டிவிட்டான். அவள் நேரே குமாஸ்தா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எழுதிக் குடுய்யா. இவன் யாருன்னே தெரியாதுன்னு இளவரசர் எழுதிட்டா, எட்டு மரமும் எனக்குத் திரும்பணும்."

"சொந்தந்தான்னு எழுதிட்டா?"

"எழுதுவாரு, கோவேறு கழுத குட்டி போடறப்ப. அப்படி எழுதினா மரம் ஒனக்கே."

பதில் வரும்வரை காய் குமாஸ்தாவுக்கு என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

ஓர்சந்தோன் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை பாரிசில் பேரரசு கவிழ்ந்தது. அவன் போய்ச் சேர்ந்தபோது இளவரசர் நாட்டைவிட்டே ஓடியிருந்தார். மாளிகைக் காவலாளி குழாயை வாங்கி, இளவரசருக்குப் பின்னால் அனுப்பவிருந்த மிச்சச் சாமான்களோடு வண்டியில் எறிந்தான்.

"வாங்க இளவரசே! ராஜ்ஜியத்த எங்க தொலச்சீங்க?" என்று திரும்பி வந்தவனை ஊர் ஊற்றடியில் வரவேற்றார்கள்.

"தெரியாதுன்னு அவருகிட்ட ஒரு வரி வாங்கிக் குடு. அது போதும்," என்றாள் மத்தேயா.

"ரத்த சொந்தத்துகிட்ட அப்படிக் கேக்கறதா? மானம் போயிரும்டி!"

மானம் அவனுக்கு, பசி அவளுக்கு. ஆண்டுதோறும் பாதிரியாரைக் கொண்டு அவளே இளவரசருக்குக் கடிதம் எழுதவைத்தாள். பதிலில்லை. மாவு பிப்ரவரியிலேயே தீர்ந்துபோகும். இலையுதிர்காலத்தில் தன் மரங்களுக்கடியிலேயே குமாஸ்தாவுக்குக் கூலிக்குக் காய் பொறுக்கினாள்.

1881 ஏப்ரலில், இத்தாலியிலிருந்து அரச முத்திரையோடு கடிதம் வந்தது. ஒப்பந்தத்தை மடித்து எடுத்துக்கொண்டு குமாஸ்தாவும் வந்துவிட்டான். மத்தேயா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பாதிரியார் படித்தார்:

"அன்புள்ள பங்காளி, உமது வம்சாவளியைப் பழைய பெட்டியொன்றில் இப்போதுதான் கண்டேன். ஐயமே இல்லை, நீர் எம் இரத்தம். நண்பர்கள் கைவிட்ட இந்நாளில் உறவினரே துணை. வரும் குளிர்காலத்தை உமது இல்லத்தில் கழிக்க எண்ணியுள்ளேன். என்னோடு இரண்டு பணியாட்களும் ஒரு நாயும் வருவார்கள். வடக்குப் பார்த்த அறை எனக்கு ஒத்துக்கொள்ளாது."