தேர்தல் மேடையில் ஒரு பெருவிரல்

கைக்குழந்தை அனோஜாவோடு புலம்பெயர்ந்து வந்து பார்க்டேலில் ஒற்றை அறையில் குடியிருந்த காலத்தில்தான் செலீனுக்கு அந்தச் செய்தி வந்தது. பின்னால் வரவேண்டிய கணவன் பஸ்ரியன் ஏறிய படகு கரீபியன் கடலில் கவிழ்ந்துவிட்டதாம், ஒருவரும் தப்பவில்லையாம். ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் தொலைபேசியில் சொன்னதை நம்பி, தாலியைக் கழற்றிக் கோயில் மாதாவின் கழுத்தில் போட்டாள். ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்து மகளைப் படிப்பித்தாள். தன்னை மறுமணத்துக்குக் கேட்டு வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஆண்டுதோறும் ஆவணியில் பஸ்ரியனின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை. பூசை முடிய வந்தவர்களுக்கு றோல்ஸும் தேத்தண்ணியும்.

இன்றும் அந்த நாள்தான். றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தவளிடம் அனோஜா சிரித்தபடி போனை நீட்டினாள்.

"அம்மா, உங்கட பேரில ஒருத்தி எலக்சன் கேக்கிறாள்! என்னோட வேலை செய்யிற பிள்ளையின்ர தீவில. சட்டசபைக்கு."

"எந்தத் தீவடி?"

"கரீபியன்ல ஒண்டு. இப்பவும் பிரிட்டன்தான் ஆளுது. கவர்னரை லண்டனிலயிருந்துதான் அனுப்புறாங்கள்."

"உதென்ன கூத்து? வெள்ளைக்காரன் இன்னும் வீட்டை போகேல்லையோ?"

செலீனும் சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கொடிகள், மேளம், மேடை. வேட்பாளர் அனோஜாவைவிட இளையவள்; சுருட்டை முடிக்காரி. மேடையேறப் போனவளை ஒரு நரைத்த மனிதர் மறித்து, அவள் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். அந்தப் பெருவிரலுக்கு நுனி இல்லை.

செலீனின் கையிலிருந்த கரண்டி நிலத்தில் விழுந்தது.

ஊரில் படகு எஞ்சின் கடித்த விரல்! கட்டுநாயக்காவில் விமானம் ஏறமுன், இதே விரல்தான் அனோஜாவின் பிஞ்சு நெற்றியிலும் சிலுவை போட்டது.

"திருப்பிப் போடு."

மீண்டும் அதே விரல். அதே முகம். மேடையில் நின்றவள் அவரைப் பார்த்து "டாடி" என்று கையசைத்தாள்.

"என்னம்மா? ஆரது?"

"கொப்பர்... உன்ர அப்பா."

அனோஜாவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. சட்டியில் றோல்ஸ் கருகிப் புகை எழும்பியது. அடுப்பை நிறுத்த இருவருக்கும் தோன்றவில்லை. தன் பெயரையல்லவா அந்தப் பிள்ளைக்கு வைத்திருக்கிறான், பாவி! அவன் மறக்கவில்லை. மறக்காமலேயே வராமல் இருந்திருக்கிறான்!

செலீன் பாதருக்குப் போன் எடுத்தாள்.

"பாதர், பின்னேரப் பூசையில பஸ்ரியன்ர பேரை வாசிக்காதேங்கோ."

"ஏன் செலீன்? ஒரு வருசமும் விடாத ஆளெல்லோ நீங்கள்?"

"அவர் சாகேல்லை, பாதர்."

"அப்ப... பூசையை ஆருக்காக ஒப்புக்கொடுக்கிறது?"

செலீன் வெறும் கழுத்தைத் தடவினாள்.

"தாலியைக் கழட்டி மாதாவுக்குப் போட்ட ஒருத்தி இருந்தவள், பாதர். அவளுக்காக வையுங்கோ. அவள்தான் செத்துப்போனாள்."