வியர்த்த லென்ஸ்

கிளாஸ்கோ வந்த முதல் வாரத்தில் எனக்குப் பார்வை போய்விட்டது என்றே நினைத்தேன். மழையிலும் குளிரிலும் நடந்துவந்து பஸ்ஸில் ஏறினால், ஏறிய மறுநொடி மூக்குக்கண்ணாடி வெள்ளையாகிவிடும். டிரைவர் முகம் தெரியாது, இருக்கை தெரியாது. பின்னால் ஏறுகிறவர்கள் ‘ஸாரி’ சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவார்கள். நான் பேரையூர்ப் பக்கத்துக் காட்டில் வளர்ந்தவன். அங்கே கண்ணாடியில் புழுதி படியும், துடைத்தால் போய்விடும். இங்கே துடைக்கத் துடைக்க வருகிறது. குளிர்ந்த கண்ணாடி மேல் ஈரமான வெதுவெதுப்புக் காற்று பட்டால் வியர்க்கும், அவ்வளவுதான் சங்கதி. தினமும் மூக்கின் மேல் நடந்த இது கேமராவுக்கும் நடக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சலைத்தான் எழுதுகிறேன்.

மதுரையில் பத்து வருஷம் நானும் நண்பன் செந்திலும் கல்யாணப் படம் எடுத்தோம். அங்கே போட்டோகிராபர் கை காட்டினால் மணமேடையே நிற்கும். “அண்ணே, மாலைய இன்னொருக்காப் போடுங்க” என்றால் மாப்பிள்ளை மறுபேச்சில்லாமல் போடுவார். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்துக் குடிவந்த பிறகு, மோரேக் என்ற அம்மாளின் ஸ்டுடியோவில் சேர்ந்தேன். அவர் சொன்ன முதல் பாடம், படம் எடுக்கிறவன் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது என்பது.

ஜனவரியில் ஒரு சர்ச் கல்யாணம். முந்தைய நாள் மோரேக் என்னிடம், “கேமரா பையை ‘பூட்’டில் விட்டுவிடாதே” என்றார். ஸ்டுடியோ வாசலில் ஈர பூட்ஸ்களை வரிசையாக வைத்திருப்போம். அங்கே வைக்காதே என்கிறார் போலிருக்கிறது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிற பொருளைச் செருப்பு கிடக்கிற இடத்திலா வைப்பேன்? ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டிவிட்டு, பையைப் பத்திரமாக என் கார் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். ராத்திரி முழுக்க உறைபனி.

பெண்ணின் அப்பா பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். கைத்தடி இல்லாமல் மகளை மேடைவரை கூட்டிப்போக வேண்டும் என்று மாதக்கணக்கில் நடந்து பழகியிருந்தார். அந்த வீட்டார் கேட்டிருந்தது அந்த ஒரு படத்தைத்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் பின்னாலிருந்து மோரேக் எடுப்பார். முகங்கள் என் பொறுப்பு. நான் போய்ச் சேர்வதற்கும் அவர்கள் நுழையக் கதவு திறப்பதற்கும் சரியாக இருந்தது. உள்ளே ஹீட்டர் சூடு, நனைந்த கோட்டுகளோடு நூறு பேர் மூச்சு. கேமராவைக் கண்ணருகில் தூக்கினேன். பால் ஊற்றியதுபோல ஒரே வெள்ளை. கைக்குட்டையால் துடைத்தேன், மறுபடி மூடியது. வேறு லென்ஸ் மாற்றினேன். அதுவும் அதே பையில் கிடந்து சில்லிட்டதுதானே. அவர் ஒவ்வோர் அடியாக என்னைக் கடந்து போனார். மூச்சு இரைப்பது கேட்டது. ‘நில்லுங்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“‘பூட்’டில் வைக்காதே என்று சொன்னேனே!” என்றார் மோரேக், வெளியே வந்ததும்.

“செருப்புப் பக்கம் நான் கொண்டுபோகவே இல்லையே” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு என் காரின் டிக்கியைக் கைகாட்டினார். டிக்கிக்கு இந்த ஊரில் ‘பூட்’ என்றுதான் பெயராம்.

பெண்ணின் அப்பா கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். நானே போய், “ஒன் மோர் டைம் சார், ஸ்லோலி” என்றேன். என் உச்சரிப்பில் ‘ஸ்லோலி’ மட்டும்தான் அவருக்குப் புரிந்தது போல. பாராட்டுகிறேன் என்று நினைத்து, “ஆமாம், மெதுவாகத்தான் நடந்தேன்” என்று சிரித்தார். மோரேக்தான் விளக்கினார். சிரிப்பு நின்றது. “இனி ஓர் அடிகூட முடியாது. பரவாயில்லை, என் மகள் பார்த்தாள்” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் செந்திலிடம் போனில் புலம்பினேன்.

“இன்னொருக்கா நடக்கச் சொல்ல வேண்டியதுதான மாப்ள?”

“அவரால முடியலடா.”

“நடக்கும்போதே நிறுத்தியிருக்கலாம்ல? அம்புட்டுப் பேருக்கு நடுவுல வாயில்லாமலா நின்ன?”

எனக்கு அவன் மேலும் கோபம் வந்தது, என் மேலும் வந்தது. அதன் பிறகு கேமராவைக் காரில் விடுவதில்லை. குளிரிலிருந்து உள்ளே வருமுன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுவேன். ஈரமெல்லாம் பைக்கு வெளியே படியும். உள்ளே கேமரா மெல்லச் சூடாகி அறையோடு ஒத்துப்போக முக்கால் மணி நேரம் ஆகும்.

போன ஐப்பசியில் மாமா மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். பசுமலையில் ஏசி மண்டபம். காலையிலிருந்து கேமரா ஏசியில் கிடந்து குளிர்ந்திருந்தது. வெளியே மழை விட்ட புழுக்கம். அதே வியர்வைதான், திசை மட்டும் மாறி. மாப்பிள்ளை ஊர்வலத்தை வெளியே போய் எடுக்க நினைத்து, கேமராவைப் பையில் போட்டு மூடி, வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி காத்து நின்றேன். முதுகில் ஏசி, முகத்தில் தெருச் சூடு.

மாமா உள்ளேயிருந்து, “ஏன் மாப்ள, கேமராவப் பையில கட்டிக்கிட்டு நிக்கிறீக? உள்ள வாங்க” என்றார். அதற்குள் மாப்பிள்ளை ஊர்வலம் மேளத்தோடு வாசலுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து வந்து, என்னைத் தாண்டி மண்டபத்துக்குள் போய் நின்ற உள்ளூர் போட்டோகிராபர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே, ஃபாரின் அண்ணே! ஒண்ணு உள்ள போங்க, இல்ல வெளிய வாங்க. ஃபிரேம்ல விழுகுறீக!”

எந்தப் பக்கம் நகர்வது என்று சட்டென்று தெரியவில்லை. அவர் படத்தில் நான் அப்படியேதான் விழுந்திருக்கிறேன், ஒரு கால் நிலைப்படிக்கு உள்ளேயும் மறுகால் தெருவிலுமாக.