இரண்டு விரல் ஆழம்

பூக்காது என்று தெரிந்தே ஒரு செடியை ஆழமாகப் புதைக்கச் சொன்னவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

ஊட்டி காந்தலில் எங்கள் பக்கத்து வீடு மெஹருன்னிசாவினுடையது. அவள் கணவர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். அவள் குடிவரும்வரை எங்கள் தெருவில் தோட்டம் என்றால் என் தோட்டம்தான். வந்த இரண்டாம் ஆண்டே அவளுடைய டேலியாக்கள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்தன. என் வாசலில் நின்று பார்த்தவர்கள் அவள் வாசலுக்கு நகர்ந்தார்கள். இவ்வளவுதான்... இதற்காகத்தான்!

ஒரு நவம்பரில் அவள் மகள் ஷாகிரா காஷ்மீரிலிருந்து வந்தாள். மருமகனுக்கு அப்போது அங்கே வேலை. ஈரத்துணியில் சுற்றி ஒரு பியோனிக் கிழங்கைக் கொண்டுவந்திருந்தாள். உச்சியில் சிவந்த மொட்டுக்கண்கள். குளிர் நாட்டுச் செடி. ஊட்டிப் பனியில் வந்துவிடும் என்று நம்பினார்கள். மெஹரு அதை முதலில் என்னிடம்தான் எடுத்து வந்தாள்.

"எத்தனை ஆழத்துல வைக்கோணுங்க்கா? நீங்க புஸ்தகமெல்லாம் படிக்கறவங்க."

படித்திருந்தேன். கண்களுக்கு மேல் இரண்டு விரல் மண் போதும். ஆழம் கூடினால் இலை வரும், பூ வராது.

"ஒரு சாணாவது வேணும் மெஹரு. மேல வச்சா உறைபனில கருகிப் போயிரும்" என்றேன்.

அவள் மண்டியிட்டுத் தன் கையாலேயே சாண் அளந்து குழி தோண்டினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன மனம் எனக்கு!

ஐந்து ஆண்டுகள். பனிக்காலத்தில் தண்டு மடியும். மார்ச்சில் மறுபடி துளிர்க்கும். இலைகள் தளதளவென்று நிற்கும். மொட்டு மட்டும் இல்லை. எலும்புத்தூள் போட்டாள், சாம்பல் போட்டாள். குளிர் போதவில்லை என்று யாரோ சொல்ல, ஒரு டிசம்பர் முழுக்க ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துவந்து செடியைச் சுற்றிப் பரப்பினாள். பூத்ததா என்று ஷாகிரா ஒவ்வொரு மே மாதமும் தொலைபேசியில் கேட்பாளாம்.

நான் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்க வேண்டாம். "கொஞ்சம் மேலே தூக்கி வை" என்றிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? சொன்னால் முன்பு சொன்னது பொய் என்று தெரிந்துவிடுமே என்ற பயமா... இல்லை, உள்ளுக்குள் மகிழ்ச்சியா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஆறாம் ஆண்டு அவள் கிழங்கைத் தோண்டி எடுத்து, ஒரு பேசினில் வைத்து என்னிடமே கொடுத்துவிட்டாள். இரண்டு விரல் ஆழத்தில் நட்டேன். மூன்றாம் மே மாதத்தில் பூத்தது... வெளிர் ரோஜா நிறத்தில், இரண்டு கைக்கும் அடங்காத பூ!

மெஹரு வந்து அதை ஏந்திப் பார்த்தாள். எத்தனை ஆழத்தில் வைத்தேன் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குச் சொன்னபடியேதான் நானும் வைத்திருப்பேன் என்று நம்பினாள்.

"செடில குறையில்லைங்க்கா. என் கைலதான்."

நான் சிரித்தேன். ஆம், சிரித்தேன்.

அந்த மழைக்காலத்துக்குள் டேலியாக் கிழங்குகளைத் தெருவுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறாள். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். நாலாவது மாடி. வெயில் விழும் பால்கனி வெறுமையாகக் கிடந்தது.

"ஒரு ரோஜாத் தொட்டியாச்சும் வாங்கலாம்னா அம்மா கேக்க மாட்டேங்கறாங்க, பெரியம்மா. தான் தொட்டா வராதாம். நீங்களாவது சொல்லுங்க" என்றாள் ஷாகிரா.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெஹரு கூடப் பார்த்தாள்... நான் ஏதாவது சொல்ல மாட்டேனா என்று காத்திருப்பவள் போல.

டீயைக் குடித்து முடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.