நினைப்புக்கும் கைக்கும் நடுவே ரெஜினா அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, வைத்தியசாலைக் காத்திருப்பு அறையில் நோயாளி ஒருவருக்காக இருந்தபோது ரெஜினா அக்காவின் மகன் டெனிஸின் அழைப்பு வந்தது. "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். விட்பியில் அவன் வீட்டில், காலைத் தேநீருக்கு எழும்பி வராத தாயைப் பார்க்கப் போனால், ரெஜினா அக்கா உறக்கத்திலேயே அடங்கிவிட்டிருந்தார். இதயம் நின்றுவிட்டதாம். செய்தி கேட்டதும் உங்களில் சிலர் வேறொன்றை நினைத்திருக்கக்கூடும். அது இல்லை. அவர் மது குடிக்காமல்தான் போனார். எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லும்படி அவரே கேட்டிருப்பார்.

வைத்தியருக்கும் தமிழ் நோயாளிக்கும் நடுவே இருந்து பேச்சை மொழிபெயர்ப்பது என் தொழில். அந்த அறைக்குள் கேட்டதை வெளியே கொண்டுபோவது தகாது. ஆனால் ரெஜினா அக்கா தன் கதையை ஒரு மண்டபம் நிறைந்த சனத்தின் முன்னால் தானே சொன்னவர். "எழுதுறதெண்டால் என்ர பேரைப் போட்டே எழுதும்" என்று என்னிடமும் சொல்லியிருந்தார். அந்த அனுமதியில்தான் எழுதுகிறேன்.

மன்னாரிலிருந்து வந்து ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் குடியேறியவர். கணவர் இறந்தபின் பாடசாலை பஸ் ஓட்டி ஒரே மகனை ஆளாக்கினார். மகன் கலியாணம் முடித்து விட்பிக்குப் போனதும், வேலை முடிந்து வரும் வீட்டில் பேச யாரும் இல்லாமற் போக, குடி தொடங்கியது. எல்லோருக்கும் தெரிந்த கதை, அவர் குடித்துவிட்டு பஸ் ஓட்டினார் என்பது. அதன் மிச்சத்தைச் சொல்கிறவர்கள் குறைவு. பனிக்காலக் காலையொன்றில், முதற்பிள்ளையை ஏற்றுவதற்கு முன்னரே, வெறும் பஸ்ஸைத் தெருவோரம் நிறுத்தி, கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தவர் அவரேதான். தான் குடித்திருப்பதாகவும், வேறு ஆளை அனுப்பும்படியும் சொல்லிவிட்டு, பொலிஸ் வரும்வரை பஸ் படியில் இருந்தார். வேலை போனது. ஓட்டுநர் அனுமதியும் போனது. ஊர்ச்சனத்தில் பாதிப்பேர் வணக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள்.

மருந்துகளும் ஆலோசனையும் ஓரளவுக்கே கைகொடுத்தன. அப்போதுதான் அவரைப் பார்த்துவந்த வைத்தியர், காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சை பற்றிய ஆய்வொன்றில் சேர விருப்பமா என்று கேட்டார். நான் முதன்முதலில் அவரைக் கண்டது அந்தச் சந்திப்பில். வெட்டத் தேவையில்லை, மயக்கத் தேவையில்லை, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியை வெளியிலிருந்தே தூண்டுவோம், ஆனால் பலன் கிடைக்குமென்று உறுதி தர முடியாது என்றார் வைத்தியர். நான் தமிழில் சொல்லி முடித்தேன்.

"நல்லது" என்றார் ரெஜினா அக்கா. "கட்டாயம் சுகப்படுத்துவம் எண்டு சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பன்."

முதல் நாள், பல்வைத்தியரிடம் இருப்பதுபோன்ற ஒரு சாய்கதிரையில் அவரை இருத்தினார்கள். '8' வடிவக் காந்தச்சுருளைத் தலையில் வைத்து, எவ்வளவு பலம் வேண்டுமென்று பார்ப்பதற்காக, கையை அசைக்கும் இடத்தை முதலில் தூண்டினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். மடியில் கிடந்த அவருடைய பெருவிரல் தானாகத் துள்ளியது. சின்னப்பிள்ளைபோலச் சிரித்தார். இன்னொரு 'டக்'. விரல் மறுபடி துள்ளியது. இம்முறை அவர் சிரிக்கவில்லை.

"என்ர கை, நான் சொல்லாமலே ஆடுது" என்றார். "போத்திலுக்குப் போன கையும் உப்பிடித்தான் போனது, பிள்ளை. நான் வேண்டாம் எண்டுகொண்டு நிக்க, அது போகும்."

இதை அப்படியே மொழிபெயர்த்தேன். வைத்தியர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவருக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அப்படியென்றால் நடந்ததெல்லாம் மூளையின் வேலை, உங்கள் குற்றமில்லை என்று ஆறுதலாகச் சொன்னார். ரெஜினா அக்கா தலையாட்டி மறுத்தார். "பஸ்ஸில ஏறினது என்ர குற்றம். குடிக்கிற விடாய் என்ர வருத்தம். ரெண்டையும் போட்டுக் குழப்பப்படாது. குற்றத்துக்கு நான் பதில் சொல்லுவன். வருத்தத்துக்கு நீங்கள் மருந்து செய்யுங்கோ."

வார நாட்களில் தினமும் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் வந்துபோனார். மரங்கொத்தி தலையில் கொத்துவதுபோல இருக்கிறது என்று முதலில் முறைப்பட்டார். பிறகு பழகிவிட்டது. சில வாரங்களில் முகம் தெளிந்தது. டெனிஸ் தொலைபேசியில் அவருடன் நீண்டநேரம் கதைக்கத் தொடங்கினான். நாங்களெல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில், பெரிய வெள்ளிக்கு முதல்நாள், கணவரின் நினைவுநாளில், அவர் மறுபடி குடித்தார்.

யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அடுத்த தடவை வந்ததும், கதிரையில் இருக்குமுன்னரே வைத்தியரிடம் சொன்னார். மகனுக்கும் தொலைபேசியில் சொன்னார். அவன் கத்தியது எனக்கே கேட்டது. "அம்மா, மெஷின் வேலை செய்யுதா இல்லையா? யெஸ் ஓர் நோ?" பிறகு கொஞ்சக்காலம் அவன் அழைக்கவில்லை. பேத்தியைக் கூட்டிவரவும் இல்லை. ஆனாலும் ரெஜினா அக்கா வருவதை நிறுத்தவில்லை. சிகிச்சையை முடித்தார். ஆலோசனைக் கூட்டங்களுக்கும் தொடர்ந்து போனார்.

அதற்குப் பிறகுதான் ஸ்காபரோவில் தேவாலய மண்டபக் கூட்டம். மனநலம்பற்றிப் பேச அழைத்திருந்தவர்கள் ஒரு வெற்றிக்கதையை எதிர்பார்த்தார்கள் என்றே நினைக்கிறேன். முன்வரிசையிலிருந்த ஒருவர் எழும்பி, "தலைக்குக் கரண்ட் குடுத்தவையாமே? இப்ப முழுச்சுகமோ?" என்று கேட்டார்.

"கரண்ட் இல்லை அண்ணை, காந்தம்" என்றார் ரெஜினா அக்கா. "முழுச்சுகமும் இல்லை. இடையில ஒருக்கால் விழுந்தனான். முந்தி நினைப்பு வந்தவுடன கை போயிடும். இப்ப நினைப்புக்கும் கைக்கும் நடுவில கொஞ்ச நேரம் கிடைக்குது. அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள்ள நான் ஆருக்கெண்டாலும் ஃபோன் எடுக்கவேணும், இல்லாட்டி வீட்டைவிட்டு இறங்கவேணும். அதை மெஷின் செய்யாது."

சொல்லாமல் வந்து பின்கதவடியில் நின்ற டெனிஸை அப்போதுதான் கண்டேன். கூட்டம் கலைந்தபின் அவன், கதிரைகளை மடித்துக்கொண்டிருந்த தாய்க்குப் பக்கத்தில் போய்த் தானும் மடித்தான். கடைசிக் கதிரையைச் சுவரோடு சாத்தியபின், "வாங்கோம்மா, சாப்பாடு எங்கட வீட்டில" என்றான். அந்த வருடமே அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

விட்பிக்குப் போனபின் அவருடைய தொலைபேசி எண் பெண்களிடையே கைமாறிப் பரவியது. கணவனுக்குத் தெரியாமல் குடிப்பவர்கள், மருந்துக் குளிசைகளை விடமுடியாதவர்கள், கட்டிலைவிட்டு எழும்பமுடியாதவர்கள். இதை வாசிப்பவர்களிலும் அவர்கள் இருப்பார்கள். உங்கள் அழைப்புகளில் அவர் ஏன், எப்போது, எவ்வளவு என்று எதையும் கேட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதற்கேள்வி ஒன்றுதான். "இப்ப எங்க நிக்கிறீர்?"

அடக்கம் முடிந்த மறுநாள், ஒஷாவாவிலிருந்து ஒரு பெண் அவருடைய எண்ணுக்கு எடுத்திருக்கிறார். டெனிஸ் என்ன செய்வதென்று தெரியாமல் என் எண்ணைக் கொடுத்துவிட்டான். "அக்கா இல்லையாமே" என்று அந்தப் பெண் என்னை அழைத்து அழுதார். நான் வைத்தியரோ ஆலோசகரோ அல்ல. மற்றவர்கள் சொல்வதைத் திருப்பிச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இந்தமுறையும் அதையே செய்தேன்.

"இப்ப எங்க நிக்கிறீர்?"

"குசினியில."

"சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிய வாரும். ஃபோனை வைக்கவேண்டாம்."

ரெஜினா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியைத்தான். மறுமுனையில் கதவு திறந்தது. காற்றின் இரைச்சலும், பனியில் ஒருவர் நடக்கும் சத்தமும் கேட்கத் தொடங்கின.